ஆறு இருபது

கீழ்பென்னாத்தூரில் அமீர் பாய் டீக்கடைக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை இருந்தது. அது திறக்க எட்டு மணி ஆகும். அதன் மூடிய பலகைக் கதவில் சாய்ந்துகொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தி, யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று நின்றிருந்தேன். மாசிப் பனி. கையில் என் வீட்டுக்காரருடைய வாட்ச். அது எனக்குப் பெரிது. மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

எங்கள் பஸ் அந்த ஊருக்கு வரவேண்டியது காலை ஆறு இருபதுக்கு. ஆறு இருபது ஆயிற்று, வரவில்லை. ஆறு இருபத்தைந்து. ஆறரை. வாட்ச் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆறு முப்பத்தைந்துக்குப் போட்டி வண்டி, அதாவது சிவப்பு வண்டி, நின்றிருந்த கூட்டத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பியது. படியில் தொங்கியபடி "திருணாமலை, திருணாமலை" என்று கூவிக்கொண்டு போனவன் தேவராஜ். அதற்கு முந்தின மாதம் வரைக்கும் எங்கள் கண்டக்டர். என்னைப் பார்த்துவிட்டான். கூவுவதை நிறுத்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆறு முப்பத்தேழுக்கு எங்கள் பச்சை வண்டி வந்து நின்றது. ஏறுவதற்கு மிச்சம் இருந்தது இரண்டே பேர்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அமீர் பாய் டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்தார். தோள் துண்டில் கையைத் துடைத்தார். பெஞ்சின் மேல் ஏறினார். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்தார். அதில் மணி ஆறு இருபத்தொன்று. ஆட்காட்டி விரலால் பெரிய முள்ளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஆறு இருபதில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு இறங்கி, ஆணியில் தொங்கிய ஒரு நோட்டை எடுத்து எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நோட்டை வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அந்த நிமிஷம் புரிந்துவிட்டது.

பச்சையும் சிவப்பும்

போன வாரம் என் வீட்டுக்காரர் பஸ்ஸின் மேலேயிருந்து விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பஸ். அவலூர்ப்பேட்டையில் இரவு தங்கி, விடியற்காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏழு மணிக்கு வந்து சேரும். மேலே மூட்டை கட்டும்போது கயிறு அறுந்து, அவர் முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எழுந்து நடக்க எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டரே சொல்லவில்லை.

பஸ்ஸில் பாதிப் பங்கு அவருடைய அண்ணனுக்கு. நான் மாமா என்று கூப்பிடுவேன். அவலூர்ப்பேட்டையில் விவசாயம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பஸ் நடத்துவது பொம்பளை வேலை இல்லை என்பது அவர் கட்சி. "பங்குனி வரைக்கும் பாரும்மா. கூட்டம் திரும்பலைன்னா சிவப்பு வண்டிக்காரருக்கே குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். அந்த வண்டி போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. நான் கல்யாணத்துக்கு முன்பு கணக்கு டீச்சர். விட்டுவந்த வேலையை யாரும் எனக்காகக் காலியாக வைத்திருக்கவில்லை.

அந்தக் காலத்தில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நடந்த போட்டியை இன்று சொன்னால் சிரிப்பார்கள். சிவப்பு வண்டிக்காரர் டேப் ரிக்கார்டர் வைத்து சினிமாப் பாட்டுப் போட்டார். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு ஸ்க்ரீன் போட்டார். அவர் பொங்கலுக்குக் காலண்டர் கொடுத்தார். இவர் டிரைவர் தலைக்கு மேலே மூன்று கலர் பல்பு வைத்தார். அதில் ஒன்று எப்போதும் எரியாது. பாட்டைக் கேட்டு ஏறினவர்களும் உண்டு, பாட்டு தொந்தரவு என்று இறங்கி எங்கள் வண்டிக்கு வந்தவர்களும் உண்டு. மொத்தத்தில் இரண்டு பேருக்கும் கூட்டம் இருந்தது.

அவர் படுத்த பிறகு எங்கள் காலை டிரிப்பில் கூட்டம் கம்மியாகிக்கொண்டே போனது. அதுதான் நிறைய ஆள் ஏறுகிற டிரிப். ஏன் குறைகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நோட்டு

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரான திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு நாள் நிர்வாக வகுப்பு நடந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ரைஸ் மில்காரர்கள், சோடா கம்பெனிக்காரர், ஜவுளிக்கடைக்காரர்கள் என்று முப்பது பேர். பொம்பளை நான் ஒருத்தி. முதல் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாம் நாள் சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேரைக் காணோம். நான் மட்டும் பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

போட்டிக்காரனைப் பார்த்துப் பார்த்துத் தொழில் செய்யாதீர்கள், உங்கள் தொழிலில் முக்கியமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைத் தினமும் குறித்துப் பாருங்கள் என்றார். குறிக்கிறவர் உங்கள் ஆளாக இருக்கக் கூடாது, லாபநஷ்டம் இல்லாத வெளி ஆளாக இருக்க வேண்டும் என்றார். இன்றைக்கும் அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. செய்தவளிடம்தான் கோளாறு.

பஸ்ஸுக்கு முக்கியம் நேரம். குறிப்பதற்கு வெளி ஆள் அமீர் பாய். கீழ்பென்னாத்தூரில் எங்கள் வண்டி அவர் கடை வாசலில்தான் நிற்கும். மீதிச் சில்லறை காலணா விட்டுப்போனாலும் ஆள் அனுப்பிக் கொடுக்கிற மனிதர். உருண்டை உருண்டையாக அழகாக எண் எழுதுவார். நேரில் போய் நோட்டைக் கொடுத்து, "பாய், வண்டி வர்ற டைமை தினம் இதுல எழுதணும். யாருக்காகவும் மாத்தி எழுதாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். "என்ன தங்கச்சி இப்படிச் சொல்லிட்டே, கடிகாரம் என்ன காட்டுதோ அதைத்தான் எழுதுவேன்" என்றார். சொன்னபடியே எழுதினார்.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை நோட்டு என் கைக்கு வரும். 6.20. 6.20. 6.20. பக்கம் பக்கமாக 6.20. எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. படுத்திருக்கிறவருக்கு வாசித்துக் காட்டினேன். மாமாவுக்கு அனுப்பிவைத்தேன்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே விடை எழுதினால் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று நிமிஷத்தில் கண்டுபிடிக்கிறவள் நான். எண்பது நாளும் ஒரே நேரம் என்றால் சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. எனக்குப் பிடித்த விடை அல்லவா அது.

தேவராஜ்

வண்டி நேரத்துக்குப் போகிறது. அப்படியும் கூட்டமில்லை. அப்படியென்றால் தப்பு யார்மேல்? ஆளைக் கூப்பிட்டு ஏற்ற வேண்டிய கண்டக்டர்மேல். கணக்கு டீச்சர் மூளை இப்படித்தான் வேலை செய்தது.

தேவராஜ் ஒல்லியாக, எப்போதும் காக்கிச் சட்டைக் கைகளை மடித்துவிட்டபடி இருப்பான். முப்பது வயதிருக்கும். என் வீட்டுக்காரர் விழுந்த அன்று அவரைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன். அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, கூடத்தில் நிற்க வைத்து, வாய் வலிக்கிறதா, ஏன் ஆள் கூப்பிடுவதில்லை என்று கேட்டேன்.

"கூப்பிடுறேன்க்கா. ஆள் இருந்தாதானே? வண்டி லேட்டாப் போகுது. நாம போறதுக்குள்ள சிவப்பு வண்டி ஏத்திக்கினு போயிடுது."

"சிவப்பு வண்டி ஆறு முப்பத்தஞ்சுக்கு. நம்ம வண்டி ஆறு இருவதுக்கு. எப்படி அது முன்னாடி போகும்?"

"அது தெரியலக்கா. ஆனா நாம லேட்டு."

நான் நோட்டைப் பிரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். பக்கத்தைத் திருப்பி அடுத்ததையும் பார்த்தான். அந்த முகத்தை எழுதத் தெரியவில்லை எனக்கு. தன் கண்ணையே சந்தேகப்படுகிற முகம்.

"அமீர் பாய் எழுதி இருந்தா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றான்.

"அப்போ நீ சொன்னது பொய்தானே?"

நோட்டை மூடி என்னிடம் நீட்டினான். பத்து நாள் வீட்டில் இரு, பிறகு பார்க்கலாம் என்றேன். தோல் பையையும் விசிலையும் மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளே படுத்திருந்தவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

"அவன் பொய் சொல்ற ஆள் இல்ல சரோஜா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்போ பாய் பொய் சொல்றாரா?"

"அவரும் சொல்ல மாட்டாரு."

"பின்னே நான் சொல்றேனா?" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கோபம் எனக்குச் சீக்கிரம் வரும். இரண்டாவது வாரம் தேவராஜ் சிவப்பு வண்டிப் படியில் தொங்குகிறான் என்று கேள்விப்பட்டபோது, பார்த்தீர்களா, ஆள் எப்படிப்பட்டவன் என்று அவரிடமே சொல்லிக் காட்டினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

புது ஆள் வந்தும் கூட்டம் கூடவில்லை. மாசி பாதி ஓடிவிட்டது. சனிக்கிழமை சிவப்பு வண்டிக்காரரைப் பார்த்துப் பேசி முடித்துவிடலாம், அதற்கு முன்னால் வியாழக்கிழமை காலை நம் வண்டியிலேயே வருகிறேன் என்று மாமா சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கிளம்பி, கீழ்பென்னாத்தூரில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் வீட்டில் தங்கினேன். அவர்கள் வீட்டு ரேடியோவில் செய்தி தொடங்கும்போது வாட்சைச் சரிசெய்துகொண்டேன். மறுநாள் காலை நின்ற இடம்தான் அந்தச் சைக்கிள் கடை வாசல்.

பெஞ்சின் மேல்

தெருவைத் தாண்டிப் போய் பாயின் முன்னால் நின்றேன்.

"வா தங்கச்சி, எப்ப வந்தே? டீ குடி."

"என்ன பாய் பண்ணீங்க இப்ப, கடிகாரத்தை?"

"டைம் வச்சேன். நம்ம வண்டி வந்தா ஆறு இருவது. இந்தக் கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடும்போல கீது. தினம் பாத்து வச்சாதான் கரெக்டா நிக்குது."

"வண்டியே லேட்டா வந்திருந்தா?"

பாய் நிஜமாகவே யோசித்தார். "வண்டி எப்படிம்மா லேட்டா வரும்? அது கவர்மெண்ட்ல போட்டுக் குடுத்த டைமாச்சே."

"காலைத் தொழுகைக்குப் போறீங்களே, அதுக்கு இந்தக் கடிகாரம் பாக்க மாட்டீங்களா?"

"தொழுகைக்குப் பாங்கு சொல்வாங்கம்மா. கடிகாரம் எதுக்கு? இது பஸ்ஸுக்குன்னே மாட்டினது. இந்தத் தெருவுல எல்லாரும் இதைப் பாத்துத்தான் வச்சிக்கிறாங்க. சிவப்பு வண்டிக்காரன்தான் திருட்டுத்தனமா நம்ம வண்டிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி எடுத்துடுறான். ஊரே சொல்லுது."

நோட்டில் அவர் ஒரு பொய்யும் எழுதவில்லை. கடிகாரம் காட்டியதைத்தான் எழுதினார். அதை வண்டிக்குச் சரியாக வைத்துவிட்டு எழுதினார். அந்தத் தெருவே எங்கள் வண்டியின் தாமதத்தோடு சேர்ந்து பதினேழு நிமிடம் பின்தங்கி வாழ்ந்துகொண்டிருந்தது. சிவப்பு வண்டிக்காரர் மட்டும் தன் வீட்டு ரேடியோ நேரத்தைப் பார்த்து வண்டியை எடுத்தார், அதனால் அவரைத் திருடன் என்றார்கள்.

"பாய், இனிமே வண்டி வந்தா கடிகாரத்தைத் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன்.

டிரைவர் முனுசாமிக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். பதினைந்து வருஷமாக எங்கள் வண்டி ஓட்டுகிறவர். காலையில் அவலூர்ப்பேட்டையில் எந்த நேரத்தைப் பார்த்து வண்டியை எடுக்கிறார் என்று கேட்டேன்.

"என் வாட்சுதாம்மா."

"அதுக்கு டைம் எங்க வைக்கிறீங்க?"

"மொதலாளி இருந்த வரைக்கும் அவருதான் காட்டுவாரு. இப்ப அமீர் பாய் கடைல பாத்து வச்சிக்கினு இருக்கேன். பாய் கடிகாரம் சுத்தமா இருக்கும்மா. நாம போய் நிக்கிறப்ப டாண்ணு ஆறு இருவது காட்டுது பாருங்க."

அவர் இன்னும் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று புரிந்தது. பாய் வண்டியைப் பார்த்துக் கடிகாரம் வைக்கிறார். முனுசாமி அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வாட்ச் வைக்கிறார். மறுநாள் அந்த வாட்சைப் பார்த்து வண்டி கிளம்புகிறது. வழியில் ஒரு நாள் மாடு குறுக்கே வந்து ஒரு நிமிடம் போனால், அந்த நிமிடம் மறுநாளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. பகல் டிரிப்புகளில் முன் வண்டி போனால் அடுத்தது நாங்கள், அங்கே கடிகாரமே வேண்டாம். காலை டிரிப் மட்டும் இப்படி வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. பயத்தில் கணக்குப் போட்டேன். ஏழு மாதம், பதினேழு நிமிடம். பன்னிரண்டு நாளைக்கு ஒரு நிமிடம். யாருக்குத் தெரியும் அது?

தேவராஜுக்குத் தெரிந்தது. அவன் வாட்ச் கட்டுவதில்லை, நிறுத்தத்தில் நிற்கிற ஆளைப் பார்த்தே சொன்னான்.

ஏழு மணி

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க முனுசாமிக்கு டைம் காட்டுவீங்களாமே?"

"ஆமா. காலைல ஏழு மணிக்கு ஸ்டாண்டுல நிப்பேன் இல்ல? வண்டி உள்ள திரும்பும்போது கையைத் தூக்கி வாட்சைக் காட்டுவேன். அவன் பாத்து வச்சிக்குவான். அதெல்லாம் ஒரு வேலையா?"

தினமும் காலையில், வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும்போது, ரேடியோவைத் திருகி வாட்சைச் சரிசெய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போவார். டீ குடிக்கவும் ஊர்க்கதை பேசவும் போகிறார் என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். ஸ்க்ரீனும் கலர் பல்பும்தான் தன் நிர்வாகம் என்று அவரும் நினைத்திருந்தார். அவர் விழுந்த அன்று கழற்றி நான் அலமாரியில் வைத்த வாட்சுதான் அந்த பஸ்ஸை நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்குமே அது தெரியாது.

"தேவராஜை என்ன பண்ணிட்டேன் பாத்தீங்களா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"முதல்ல வண்டியைப் பாரு" என்றார்.

மத்தியானமே ஸ்டாண்டுக்குப் போய் வாட்சை முனுசாமி கையில் கட்டிவிட்டேன். நாளைக்கு மாமா அவலூர்ப்பேட்டையில் ஏறுவார், வண்டி சரியாக ஐந்து நாற்பதுக்குக் கிளம்ப வேண்டும், பாய் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

யாருக்கு வந்தான்

வியாழக்கிழமை காலை ஸ்டாண்டில் நின்றேன். வாட்ச் இல்லாததால் வீட்டு டைம்பீஸைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மலையின் பாதியை மேகம் மூடியிருந்தது. பூக்காரிகள் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் பையைத் திறந்து எட்டிப் பார்த்தேன். குழந்தையைப் பையில் வைத்திருக்கிறேனா என்று ஒரு பூக்காரி கேட்டாள்.

பச்சை வண்டி உள்ளே திரும்பியதும் பைக்குள் அலாரம் அடித்தது. அவருக்கு ஏழு மணி மாத்திரைக்கு வைத்த அலாரம்; நிறுத்த மறந்திருந்தேன். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஏழுக்குச் சரியாக ஏழு.

வண்டி நின்றது. மாமா இறங்கினார். அவருக்குப் பின்னால் நான்கு பேர். அவ்வளவுதான்.

"கீழ்பென்னாத்தூர்ல ஒரு ஈ காக்கா இல்ல சரோஜா" என்றார். "பாய் அப்பதான் அடுப்புப் பத்த வச்சிக்கினு இருந்தாரு. டைமுக்கு வந்துட்டான் உன் டிரைவரு, ஒத்துக்கிறேன். யாருக்கு வந்தான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடிகாரத்தைத் தொடாதீர்கள் என்று பாயிடம் சொன்னேனே தவிர, பதினேழு நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள் என்று சொல்லவில்லை. அந்தத் தெருவுக்கு அன்று எங்கள் வண்டி வந்தபோது மணி ஆறு மூன்று. ஆட்கள் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஏழு மாதம் தாமதமாக ஓட்டி கூட்டத்தை இழந்தோம். சரியாக ஓட்டிய முதல் நாள் மிச்சத்தையும் இழந்தோம். அதுவும் மாமா கண்முன்னால்.

வீட்டில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மாமா காபி குடித்தார். நான் கடிகாரக் கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "நீ சொல்றது புரியுதும்மா. ஆனா ஊருக்கு யார் போய்ச் சொல்றது? சனிக்கிழமை வரச் சொல்லிட்டேன் அவரை" என்றார். மத்தியான வண்டியில் நானே போய் வீடு வீடாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அன்றைக்கென்று என் வீட்டுக்காரருக்கு முதுகு வலி ஜாஸ்தியாகி, டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு, பொழுது போய்விட்டது.

துண்டில் சுற்றிய கடிகாரம்

வெள்ளிக்கிழமை காலை மாமாவும் என்னோடு ஸ்டாண்டுக்கு வந்தார். இதுதான் கடைசியாக இந்த வண்டிக்காக நிற்பது என்று என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பச்சை வண்டி உள்ளே திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. படியில் ஆள். உள்ளே நிற்க இடமில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இறங்கியவர்களை நான் எண்ண ஆரம்பித்தேன்; நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

கடைசியாக அமீர் பாய் இறங்கினார். துண்டில் சுற்றிய சுவர்க் கடிகாரத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்தாராம்.

"ஐயா வாட்சைப் பாத்து இதுக்குச் சரியான டைம் வச்சிக் குடு தங்கச்சி. என்னால உனக்கு இவ்ளோ கஷ்டம்னு தெரியாமப் போச்சு. நேத்து நீ சொன்ன மாதிரி நான் தொடல. ஆறு மூணுன்னு இருந்துச்சு, அதையே எழுதி வச்சிட்டேன்."

"இவ்வளவு பேரும் எப்படி பாய் நேரத்துக்கு வந்தாங்க? யார் சொன்னது?"

"உனக்குத் தெரியாதா? நேத்து சிவப்பு வண்டி கிளம்புறப்ப, பச்சை வண்டி இன்னும் வரலியேன்னு ஜனம் கேட்டாங்க. தேவராஜ் என்கிட்ட விசாரிச்சுட்டு, என் கடிகாரத்தையும் அவன் டிரைவரு வாட்சையும் பாத்துக் கணக்குப் பண்ணி, படியில நின்னுக்கினு, 'பச்சை வண்டி அப்பவே போயிட்டுது, கரெக்ட் டைமுக்கு வருது, நாளைலேருந்து பதினேழு நிமிஷம் முன்னாடி வாங்க, உங்க கடிகாரம்தான் லேட்டு'ன்னு சத்தமா சொன்னான். டிக்கெட் போடும்போது ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கினே வந்தானாம். அவன் மொதலாளி கேட்டா என்ன ஆகும்?"

மாமா என்னைப் பார்த்தார். "சிவப்பு வண்டிக்காரரை நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடுறேன். சித்திரை வரைக்கும் பாக்கலாம்" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

பாயின் கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. ஏழே கால் சுமாருக்கு சிவப்பு வண்டி வந்தது. கூட்டம் அன்று அதில்தான் கம்மி. எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தேன். தேவராஜ் படியிலிருந்து இறங்கி, என்னைப் பார்த்ததும் மடித்துவிட்டிருந்த சட்டைக் கைகளை இறக்கிவிட்டான். என் வீட்டுக்காரர் முன்னால் மட்டும் அப்படிச் செய்வான்.

"தேவராஜு, நான் உன்னைப் பொய்யன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"நோட்டுல எழுதி இருந்துச்சுல்லக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க."

"திரும்பி வந்துடுறியா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். "வேலை இல்லாம நின்னப்ப இவருதான் கூப்பிட்டாரு. விட்டுட்டு வந்தா நல்லா இருக்காதுக்கா. வீட்டுல படுத்திருக்கிற அண்ணனை ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன்."

"பின்னே எதுக்குடா எங்க வண்டிக்கு ஆள் அனுப்புனே? உன் முதலாளி திட்ட மாட்டாரா?"

"திட்டுனாரு." சிரித்தான். "வண்டி லேட்டுன்னு நான்தானேக்கா சொன்னேன். நேரத்துக்கு வந்தா அதையும் நான்தானே சொல்லணும்."

விசிலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த டிரிப்புக்கு ஆள் கூப்பிடப் போய்விட்டான். நான் பாயின் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.